ஸ்டீரியோ மாட்டும்போது கார் ஒயரை வெட்டிவிட்டீர்களா? நிதானமாகச் சரிசெய்ய முழு வழிகாட்டி

கேபிள் டையை மட்டும்தான் வெட்டுகிறேன் என்று நினைத்தேன். டாஷ்போர்டில் பழைய ஸ்டீரியோ இருந்த பொந்துக்குள் கையை விட்டு, கண்ணால் பார்க்க முடியாமல் விரலால் தடவிப் பிடித்து, கட்டிங் பிளேயரை வைத்து ஒரே அழுத்து. பளிச்சென்று ஒரு பொறி, கூரை விளக்கு அணைந்தது. கையை வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் கேபிள் டையோடு சேர்ந்து நான்கு ஒயர் துண்டாகிக் கிடந்தது. ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் ரிவர்ஸ் கேமராவும் நானே மாட்டிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினேன், பேட்டரியைக் கழற்றாமல் இறங்கியதுதான் தவறு.

இப்போது இதைப் படிக்கிற உங்கள் கையிலும் அதுமாதிரி வெட்டுப்பட்ட முனை இருக்கலாம், கேமரா, டேஷ்கேம், ஃபாக் லேம்ப், ஆம்ப்ளிஃபயர், எதை மாட்டப்போய் வெட்டியிருந்தாலும் சரி. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் கார் பாழாகிவிடவில்லை. வெட்டின ஒயரை அப்படியே விட்டால் அந்த விளக்கோ ஸ்பீக்கரோ வேலை செய்யாது, மிஞ்சிப்போனால் ஒரு பியூஸ் போயிருக்கும். உண்மையான ஆபத்து அதற்கு அடுத்த பத்து நிமிடத்தில் பதற்றத்தோடு இரண்டு முனையையும் முறுக்கி, மேலே கருப்பு டேப்பைச் சுற்றி, உள்ளே தள்ளி மூடிவிடுவதில் இருக்கிறது.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாகப் பிடிக்காத முறுக்கு நாளடைவில் தளர்ந்து, அந்த இடத்தில் மட்டும் அரை ஓம் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியாக 5 ஆம்பியர் ஓடினால் அங்கே மட்டும் 12.5 வாட் சூடு உண்டாகும். வீட்டில் வைத்திருக்கும் சாதாரண 25 வாட் சால்டரிங் அயர்னில் பாதியை டாஷ்போர்டுக்குள், பிளாஸ்டிக்குக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே சொருகிவைத்த மாதிரி. அந்தச் சுற்றில் இருக்கும் 10 ஆம்பியர் பியூஸுக்கு இது எதுவுமே தெரியாது, ஏனென்றால் ஓடுவது 5 ஆம்பியர்தான். பியூஸ் ஷார்ட்டிலிருந்து காப்பாற்றும், மோசமான இணைப்பிலிருந்து காப்பாற்றாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி சொல்லப்போகும் ஒவ்வொரு வேலைக்கும் காரணம் தானாகப் புரியும்.

முதல் வேலை: சாவியைத் திருப்பாதீர்கள்

"என்னென்ன வேலை செய்யவில்லை என்று பார்ப்போம்" என்று இக்னிஷனைப் போட்டுப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை போகும். வேண்டாம். வெட்டுப்பட்ட முனை எதன்மேல் படுகிறது என்று உங்களுக்குத் தெரியாது, ஸ்டீரியோவைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் பட்டால் ஷார்ட், பக்கத்து ஒயரின் முனையில் பட்டால் 12 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும். இரண்டாவதுதான் செலவு வைக்கும்.

சாவியை எடுத்துவிட்டு பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பெரும்பாலான கார்களில் 10 நம்பர் ஸ்பேனர் போதும். நெகட்டிவை முதலில் கழற்றச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் தவறி பாடியில் பட்டால் பேட்டரி முழுவதும் அந்த ஸ்பேனர் வழியாக ஷார்ட் ஆகும். நெகட்டிவ் போனபிறகு பாடிக்கும் பேட்டரிக்கும் தொடர்பே கிடையாது. கழற்றிய முனை தானாகத் திரும்பிப்போய்த் தொடாதபடி ஒரு துணியைச் சுற்றி ஓரமாக ஒதுக்கி வையுங்கள்.

பிறகு பத்து நிமிடம் சும்மா இருங்கள். ஏர்பேக் கண்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர், பேட்டரி இல்லாவிட்டாலும் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் காரின் கையேட்டில் அதிகமாகச் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். பொதுவாகப் பத்து நிமிடம் தாராளம். அந்த நேரத்தில் வெட்டுப்பட்ட இடத்தை நல்ல வெளிச்சத்தில் நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள், எதையும் இழுக்காமல், பிரிக்காமல். ஒரே வெட்டில் போன ஒயர்களின் முனைகள் இப்போது எதிரெதிரே வரிசையாக இருக்கும், கை வைத்துக் கலைத்துவிட்டால் அந்த வரிசை திரும்பக் கிடைக்காது.

எதை வெட்டினீர்கள்?

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். இணைப்பது அரை மணி நேர வேலை, கண்டுபிடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

முதலில், கை வைக்கக் கூடாதவை. மஞ்சள் நிறக் குழாய்க்குள் ஓடுகிற ஒயர், மஞ்சள் கப்ளரில் (ஒயர்கள் போய்ச் சொருகும் பிளாஸ்டிக் இணைப்பான்) போய் முடிகிற ஒயர், இவை பெரும்பாலும் ஏர்பேக்குக்கோ சீட் பெல்ட்டை இறுக்கும் அமைப்புக்கோ உரியவை. ஸ்டீயரிங் கீழே, முன்சீட்டுக்கு அடியில், கதவை ஒட்டிய தூண்களின் உள்ளே என்று பல இடங்களில் இவை ஓடும். இவற்றில் ஒன்றை வெட்டியிருந்தால் இணைக்காதீர்கள், மல்டிமீட்டரைக்கூட வைக்காதீர்கள், ஏனென்றால் ரெசிஸ்டன்ஸ் பார்க்கும்போது மல்டிமீட்டர் தன் பங்குக்குச் சிறிது மின்சாரம் அனுப்பும். பேட்டரியைக் கழற்றிய நிலையிலேயே சர்வீஸ் சென்டருக்குச் சொல்லி வண்டியை ஏற்றிப் போகச் சொல்லுங்கள். செலவு வரும்தான், ஆனால் விபத்தின்போது விரியாத ஏர்பேக்கையும் சும்மா நிற்கும்போது விரிகிற ஏர்பேக்கையும் நினைத்தால் அது செலவே இல்லை. எலெக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் வரும் தடித்த கேபிளும் அதே மாதிரிதான், அது நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும் பாதை, உயிரை எடுக்கும். சக்கரத்துக்குப் பக்கத்தில் ஓடும் ஏபிஎஸ் சென்சார் ஒயரையும் வீட்டில் ஒட்டுப்போடாமல் முழு சென்சாராக மாற்றிவிடுவதே என் பழக்கம்.

இரண்டாவது, ஒன்றோடொன்று சடை மாதிரி முறுக்கிக்கொண்டு ஓடும் மெல்லிய ஜோடி ஒயர். அது கேன் லைனாக இருக்கலாம், அதாவது காரில் உள்ள கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாதை. இதை வீட்டில் சரிசெய்யலாம், ஆனால் முறை கொஞ்சம் வேறு, பின்னால் தனியாகச் சொல்கிறேன். ஸ்பீக்கர் ஒயரும் சில கார்களில் முறுக்கித்தான் வரும், அதனால் பார்த்தவுடன் பயந்துவிட வேண்டாம்.

மீதி எல்லாம் சாதாரண ஒயர். நிறத்தைப் பாருங்கள், அடிநிறம் ஒன்று, அதன்மேல் மெல்லிய கோடாக இன்னொரு நிறம். வெயிலிலும் தூசியிலும் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும், ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு தடிமன். இரண்டும் பொருந்தினால்தான் ஜோடி. ஒரே நிறத்தில் இரண்டு ஒயர் வெட்டுப்பட்டிருந்தால் யூகிக்காதீர்கள். ஸ்டீரியோ பக்கம் எந்த ஒயர் கப்ளரில் எந்தக் குழியில் போய் நிற்கிறது என்பதை மல்டிமீட்டரைக் கண்டினியூட்டியில், அதாவது இரண்டு முனைக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று காட்டும் இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம், அந்தப்பக்கம் எங்கே போகிறது என்பதற்கு உங்கள் காரின் ஒயரிங் டயகிராம் வேண்டும். டயகிராமில் நிறங்களை ஆங்கில எழுத்தில் குறித்திருப்பார்கள், இரண்டு எழுத்து இருந்தால் வழக்கமாக முதலாவது அடிநிறம், இரண்டாவது கோடு.

இங்கே நிறையப் பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. புது ஸ்டீரியோவோடு வரும் ஒயர் கட்டில் மஞ்சள் என்றால் எப்போதும் இருக்கும் 12 வோல்ட், சிவப்பு என்றால் சாவி போட்டால் வரும் 12 வோல்ட், கருப்பு எர்த், வெள்ளை முன் இடது ஸ்பீக்கர், சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கருப்புக் கோடு போட்டிருந்தால் நெகட்டிவ். வெளியில் வாங்கும் ஸ்டீரியோ பெரும்பாலானவற்றில் இந்த வழக்கம்தான். ஆனால் கார் பக்கம் இருக்கும் ஒயருக்கு இது செல்லாது, அங்கே ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நிறம் வைத்திருக்கும். கார் பக்கம் மஞ்சளாக இருக்கிறதே என்று ஸ்டீரியோவின் மஞ்சளோடு சேர்த்து, அது ஏதோ விளக்கு ஒயராக இருந்து, தலைவலியை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

ஸ்பீக்கர் ஜோடியில் எது பாசிட்டிவ் என்று தெரியாவிட்டால் ஒரு பழைய வழி இருக்கிறது. ஸ்பீக்கர் பக்கத்து இரண்டு முனையிலும் சுவர்க்கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் செல்லை ஒரு கணம் தொட்டு எடுங்கள். ஸ்பீக்கரின் கோன் வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட ஒயர்தான் பாசிட்டிவ். உள்ளே இழுத்தால் மாறியிருக்கிறது. ஸ்டீரியோ பக்கத்து முனையில் இதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று. வெட்டுப்படாத ஒயர்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள். எனக்கு நான்கு என்றுதான் முதலில் கணக்கு, இரண்டு ஸ்பீக்கர், டாஷ்போர்டு விளக்கு ஒன்று, எப்போதும் இருக்கும் 12 வோல்ட் ஒன்று. ஐந்தாவதாக ஒன்று, மேல்தோல் கிழிந்து உள்ளே பாதி இழை அறுந்து, பார்வைக்கு முழுசாக நின்றுகொண்டிருந்தது. இந்தப் பாதி அறுந்த ஒயர்தான் ஆறு மாதம் கழித்து, மழைக்காலத்தில், நெடுஞ்சாலையில் வைத்துக் கைவிடும். அப்படி ஒன்று இருந்தால் தயங்காமல் முழுதாக வெட்டிப் புதிதாக இணையுங்கள்.

வாங்க வேண்டியவை

சால்டரிங் அயர்ன் 25 வாட் அல்லது சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வகை. எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கான ரோஸின் உள்ளே வைத்த ஈயம், 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) கிடைத்தால் நல்லது, புதிதாகப் பழகுபவருக்கு அது எளிதாக ஓடும். குழாய் வேலைக்கு விற்கும் அமிலப் பேஸ்ட்டைத் தொடவே வேண்டாம், அது செம்பை மெதுவாக அரித்துக்கொண்டே இருக்கும். அப்புறம் ஸ்லீவ், அதாவது சூடு காட்டினால் சுருங்கும் குழாய், மூன்று நான்கு அளவில். பானெட்டுக்கு அடியிலோ காரின் கீழேயோ வேலை என்றால் உள்ளே பசை தடவிய ஸ்லீவையே கேட்டு வாங்குங்கள், சூட்டில் பசை உருகி ஒயரைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைத்துக்கொள்ளும். மல்டிமீட்டர், ஒயர் ஸ்ட்ரிப்பர், துணி டேப். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் எல்லாம் கிடைத்துவிடும். வெட்டுப்பட்டது கப்ளரை ஒட்டியே இருந்து, பிடிக்க ஒயரே மிஞ்சவில்லை என்றால் புதுப்பேட்டையில் உங்கள் மாடல் காரிலிருந்து கழற்றிய கப்ளரை அரை அடி ஒயரோடு கேளுங்கள், ஹார்னஸ், அதாவது ஒயர்கள் சேர்ந்த கட்டு முழுவதையும் மாற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒட்டுப்போடும் ஒயர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய துண்டை எடுத்துப் போடுவது வழக்கமாக இருக்கிறது. காருக்கென்று விற்கும் பல இழை செம்பு ஒயரே நல்லது, வண்டியின் அதிர்வையும் சூட்டையும் தாங்கும்படி செய்தது அது. தடிமன் பழைய ஒயருக்குச் சமமாகவோ ஒரு படி கூடுதலாகவோ இருக்கலாம், குறையவே கூடாது. ஸ்பீக்கருக்கும் சிக்னலுக்கும் 0.5 ஸ்கொயர் எம்.எம். போதும், ஸ்டீரியோவுக்குப் போகும் மெயின் 12 வோல்ட்டுக்கு 1.25 அல்லது 1.5. ஒரு 55 வாட் ஹாலஜன் பல்பு ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும், இரண்டு பல்பும் ஒரே ஒயரில் என்றால் 9 ஆம்பியருக்கு மேல், அங்கே 0.5 ஒயரைப் போட்டால் ஒயரே ஹீட்டர்.

இணைப்பது

ஒயர் எட்டவில்லை என்றால் இழுத்துப் பிடித்து இணைக்காதீர்கள். இழுவையில் நிற்கும் இணைப்பு ஒவ்வொரு வேகத்தடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். நடுவில் ஒரு துண்டு ஒயர் வைத்து இரண்டு இடத்தில் இணைப்புப் போடுங்கள், வேலை இரட்டிப்புதான், ஆனால் தளர்வாக உட்காரும், கையும் வசதியாக எட்டும். நான் நான்கு ஒயருக்குமே ஒரு சாண் துண்டு வைத்தேன்.

நான்கு ஐந்து ஒயர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எல்லா இணைப்பையும் ஒரே இடத்தில் வரவிடாதீர்கள். ஒன்றை இங்கே, அடுத்ததை ஒன்றரை அங்குலம் தள்ளி, அதற்கடுத்ததை இன்னும் தள்ளி என்று படிக்கட்டு மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். கட்டு நடுவில் குண்டாகாது, ஒரு ஸ்லீவ் கிழிந்தாலும் பக்கத்தில் இருப்பது இன்னொரு இணைப்பாக இல்லாமல் முழுத்தோல் ஒயராக இருக்கும்.

சரி, தோலை உரிக்கலாம். 12 முதல் 15 மி.மீ. போதும். இழைகள் பளபளவென்று செம்பு நிறத்தில் இருக்க வேண்டும். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் இன்னும் கொஞ்சம் பின்னால் வெட்டிப் பாருங்கள், பளபளப்பு வரும்வரை. கடற்கரை ஊர்களில் ஓடும் வண்டியிலும் வெள்ளத்தில் நின்ற வண்டியிலும் இந்தப் பச்சை ஒயருக்குள்ளே நெடுந்தூரம் ஏறியிருக்கும், அதன்மேல் ஈயம் ஒட்டவே ஒட்டாது. எலி கடித்த ஒயருக்கும் இதே வேலைதான்.

இப்போது ஸ்லீவை ஒரு பக்க ஒயரில் மாட்டி, வெகுதூரம் தள்ளி வையுங்கள். இணைத்து முடித்தபிறகு ஸ்லீவ் நினைவு வந்தால் மறுபடி வெட்ட வேண்டியதுதான். பக்கத்திலேயே விட்டால் சால்டரிங் சூட்டில் அங்கேயே சுருங்கிக்கொள்ளும்.

இரண்டு முனையையும் எதிரெதிரே பெருக்கல் குறி மாதிரி குறுக்காக வைத்து, இந்த முனையை அந்த ஒயர்மேல் மூன்று நான்கு சுற்று, அந்த முனையை இந்த ஒயர்மேல் மூன்று நான்கு சுற்று, இறுக்கமாக. தந்திக் கம்பிகளை இணைக்க லைன்மேன்கள் பயன்படுத்திய முறை இது. இழுத்தால் இன்னும் இறுகும், ஒயருக்கு நேர்கோட்டில் இருப்பதால் ஸ்லீவும் சிக்கலில்லாமல் மேலே வரும். இரண்டு முனையையும் ஒரே பக்கமாகச் சேர்த்துக் குடுமி மாதிரி முறுக்குவது வீட்டு ஜங்ஷன் பாக்ஸுக்குச் சரி, காருக்கு வேண்டாம்.

சால்டர் வைக்கும்போது அயர்ன் முனையை ஒயருக்குக் கீழே வைத்து, ஈயத்தை மேலிருந்து ஒயரின்மேல் தொடுங்கள், அயர்னின்மேல் தொடாதீர்கள். ஒயர் சூடாகி அதுவே ஈயத்தை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும், அதனால் அயர்னை 350 டிகிரியில் வைத்துச் சீக்கிரம் முடித்துவிடுவது நல்லது, குறைந்த சூட்டில் நீண்ட நேரம் வைத்தால் தோல் உருகி ஓடும். இழைகளின் வடிவம் மேலே தெரியும் அளவுக்கு ஈயம் போதும். உருண்டையாக நின்றால் மேலே ஒட்டியிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை என்று அர்த்தம். ஆறும்வரை, ஒரு பத்து விநாடி, அசைக்கக் கூடாது, ஊதவும் கூடாது. கூர்மையாக முள் நீட்டிக்கொண்டிருந்தால் மறுபடி சூடுகாட்டி மழுங்கடியுங்கள், அது ஸ்லீவைக் குத்திக்கொண்டு வெளியே வரும். சீட்டுக்கும் கார்ப்பெட்டுக்கும் மேலே கெட்டித் துணியை ஈரமாக்கி விரித்துக்கொள்ளுங்கள், கதவுகள் திறந்திருக்கட்டும், பெட்ரோல் வாடை துளி வந்தாலும் அயர்னை அணைத்துவிடுங்கள்.

இணைப்பு முழுக்க ஆறியபிறகு ஸ்லீவை நடுவில் கொண்டுவந்து, இரண்டு பக்கமும் தோலின்மேல் குறைந்தது 10 மி.மீ. ஏறும்படி வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சூடு காட்டுங்கள். ஹீட் கன் இல்லாதவர்கள் லைட்டரைப் பிடிக்கலாம், ஆனால் தீயின் நுனி ஸ்லீவைத் தொடாமல், ஒரே இடத்தில் நிற்காமல். டாஷ்போர்டுக்குள் லைட்டரை விடுவது எனக்குச் சம்மதமில்லை, ஒயரை வெளியே இழுத்து வைத்துச் செய்ய முடிந்தால் மட்டும்.

சால்டரா, கிரிம்ப்பா?

கார் கம்பெனிகள் ஹார்னஸுக்குள் ஒயரை ஒயரோடு சேர்ப்பது பெரும்பாலும் கிரிம்ப்பிலும் (உலோகக் குழலுக்குள் ஒயரை வைத்து அமுக்கிப் பிடிக்கவைப்பது) அல்ட்ராசோனிக் வெல்டிங்கிலும்தான். ஈயம் இழைகளுக்குள் ஏறிய தூரம்வரை ஒயர் கம்பி மாதிரி விறைத்துவிடும், அந்த விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் இடத்தில் அதிர்வு முழுவதும் போய்த் தாக்கும், பல மாதம் கழித்து அங்கே உடையும். அதனால் சரியான கிரிம்ப்பிங் டூல் உங்களிடம் இருந்தால், குறிப்பாக எஞ்சின் பக்கம், பசை வைத்த பட் கனெக்டரும் (இரண்டு முனையையும் எதிரெதிரே நுழைக்கும் குழல்) கிரிம்ப்பும்தான் என் தேர்வு. கனெக்டரின் நிறம் அளவைச் சொல்லும்: சிவப்பு 0.5 முதல் 1.5 ஸ்கொயர் எம்.எம். வரை, நீலம் 1.5 முதல் 2.5, மஞ்சள் 4 முதல் 6. அந்த அளவுக்கான குழியில் வைத்து அமுக்குங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது, அதற்குப் பதில் நல்ல சால்டரே ஆயிரம் மடங்கு மேல். டாஷ்போர்டுக்குள், அசையாமல் கட்டிவைக்கக்கூடிய இடத்தில், ஸ்லீவ் போட்ட சால்டர் பல வருடம் நிற்கும். இரண்டையும் கலக்காதீர்கள்: ஈயம் பூசிய முனையைக் கிரிம்ப்புக்குள் விட்டால் மென்மையான ஈயம் அழுத்தத்தில் மெல்ல நழுவி, பிடி தளர்ந்துவிடும்.

நடுவில் ஈய வளையம் வைத்த கண்ணாடி மாதிரி ஸ்லீவ்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. பலவற்றில் இருப்பது 138 டிகிரியில் உருகும் பிஸ்மத் கலந்த ஈயம், ஒயர் சூடாகும் முன்பே வளையம் மட்டும் உருகி மேலே படிந்து, இணைந்தது போலக் காட்டும். புதியவர் கைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒயரைக் குத்திப் பிடிக்கும் கிளிப்பும் அப்படியே, பத்து விநாடியில் முடியும், குத்தும்போதே சில இழைகளை அறுத்துவிடும்.

டிக்கிக் கதவும் பக்கக் கதவும் பாடியோடு சேரும் இடத்தில் ரப்பர் குழாய் இருக்கும், ரிவர்ஸ் கேமரா ஒயரை அதற்குள் நுழைக்கும்போது பலர் உள்ளே இருப்பதை வெட்டிவிடுவார்கள். அந்த மடங்கும் இடத்துக்குள் இணைப்பு வரவே கூடாது. இரண்டு பக்கமும் ரப்பருக்கு வெளியே, அசையாத இடம்வரை பின்னால் வெட்டி, நடுவில் முழுத்துண்டு ஒயர் ஓடவிடுங்கள்.

முறுக்கிய ஜோடி

கேன் லைனில் ஓடுவது பவர் இல்லை, தகவல். ஒரு ஒயரில் வோல்டேஜ் 2.5 லிருந்து 3.5 க்கு ஏறும்போது மற்றதில் 1.5 க்கு இறங்கும், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி விழுவதற்காகத்தான் முறுக்கு. ஆகவே முறுக்கு அவிழ்ந்த நீளம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, இரண்டு ஒயரும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும், இணைப்புகளைத் தள்ளித்தள்ளி வைத்து, முடித்தபிறகு பழைய நெருக்கத்துக்கு மறுபடி முறுக்கிவிடுங்கள். இரண்டையும் மாற்றி இணைத்துவிட்டால் அந்த லைனில் பேச்சே நடக்காது, நிறத்தை மூன்று தடவை பாருங்கள்.

இதைச் சரிபார்க்க ஒரு அருமையான வழி இருக்கிறது. லைனின் இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். பேட்டரி கழற்றிய நிலையில் ஓபிடி சாக்கெட்டின் (மெக்கானிக் ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்) 6 ஆவது பின்னுக்கும் 14 ஆவது பின்னுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் 60 ஓம் பக்கம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் இன்னும் அறுந்திருக்கிறது. பூஜ்ஜியம் பக்கம் என்றால் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட கேன் லைன் உள்ள கார்களில் எல்லா லைனும் இந்த சாக்கெட்டுக்கு வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சோதனை, பிறகுதான் மூடுவது

ஒவ்வொரு இணைப்பையும் விரலால் இழுத்துப் பாருங்கள், கொஞ்சம் நன்றாகவே. பிறகு கண்டினியூட்டி. பக்கத்து ஒயரோடும் பாடியோடும் தொடர்பு வந்துவிடவில்லையே என்றும் பாருங்கள், எர்த் ஒயரும், விளக்கு மாதிரி எர்த்தோடு சேரும் பொருளுக்குப் போகும் ஒயரும் பாடியோடு காட்டும், அது இயல்பு.

அடுத்து பியூஸ். வெட்டும்போது பொறி பறந்திருந்தால் ஒன்று போயிருக்கும். எனக்குக் கூரை விளக்கும் ஸ்டீரியோ மெமரியும் சேர்ந்த பியூஸ். போன பியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர்தான்: பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20. "இது அடிக்கடி போகுது, ஒரு சைஸ் பெருசா போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

புது பியூஸைச் சொருகும் முன் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் செய்யும் ஒரு வேலையை நீங்களும் செய்யுங்கள். பியூஸ் இருக்கும் குழியின் இரண்டு முனைக்கும் நடுவில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை இணைத்துவிட்டுப் பேட்டரியை மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பல்பின் வழியாக ஏறக்குறைய 1.75 ஆம்பியர்தான் போகும் என்பதால் எதுவும் கெடாது. மங்கலாக எரிந்தாலோ எரியாமல் இருந்தாலோ பல்பை எடுத்துவிட்டுப் பியூஸைப் போடலாம். சாவி போட்டால் மட்டும் உயிர்வரும் சுற்று என்றால் சாவியையும் போட்டுப் பார்க்க வேண்டும். ஏர்பேக், எஞ்சின் கண்ட்ரோல் பியூஸ்களில் இதைச் செய்ய வேண்டாம்.

எல்லாம் சரி என்றால் சாவியைப் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், மீட்டரில் சிவப்பு ஏர்பேக் விளக்கைக் கவனியுங்கள். சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டாலும், முதலில் எரியவே இல்லாவிட்டாலும் அங்கேயே நிறுத்தி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அணைந்துவிட்டால் விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர், பவர் விண்டோ, ஹாரன், ஒவ்வொன்றாக. பேட்டரி கழற்றியதால் கடிகாரம் மாறியிருக்கும், சில கார்களில் ஒரே தட்டில் மேலே போகும் கண்ணாடியும் மறந்திருக்கும், அதற்குக் கையேட்டில் வழி இருக்கும்.

கடைசியாக, மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டுகிறதே என்று திருப்திப்படாதீர்கள். ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் அது 12 காட்டும். சுமை ஓடும்போது, அதாவது விளக்கு எரியும்போது அல்லது ஸ்டீரியோ சத்தமாகப் பாடும்போது, இணைப்புக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருக்கும் வோல்டேஜ் வித்தியாசத்தைப் பாருங்கள். தோலைக் குத்திப் பார்க்க வேண்டியதில்லை, அந்த ஒயரின் இரண்டு கோடியிலும் கப்ளரின் பின்பக்கமாக முனையை நுழைத்தால் போதும். நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்டைத் தாண்டாது. என்னுடைய மெயின் ஒயரில் முதல் தடவை 0.4 வந்தது, மறுபடி வெட்டி, மறுபடி இணைத்தபிறகு 0.03. அந்த அரைமணி நேரத்துக்கு நான் வருத்தப்படவில்லை.

கட்டுகளைத் துணி டேப்பால் சுற்றி, அசையாமல் பழைய ஹார்னஸோடு சேர்த்துக் கட்டுங்கள். கருப்பு பிவிசி டேப் கத்திரி வெயிலில் நிற்கும் காருக்குள் பசை இளகி, பிசுபிசுத்து, ஒரே கோடையில் பிரிந்து தொங்கும். வெட்டிய கேபிள் டை முனையின் கூர்மை பக்கத்து ஒயரைக் கீறாமல் திருப்பிவிடுங்கள்.

டாஷ்போர்டு பிளாஸ்டிக்கை முழுதாக மூடும் முன் ஒரு வாரம் விட்டுவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. நான் அப்படித்தான் செய்தேன். ஸ்டீரியோவை இரண்டு ஸ்க்ரூவில் மட்டும் நிறுத்தி, தினமும் அலுவலகம் போய்வந்தபிறகு உள்ளே கையைவிட்டு ஒவ்வொரு ஸ்லீவையும் தொட்டுப் பார்த்தேன், சூடு இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று. ஏழாவது நாளும் ஐந்தும் பக்கத்து ஒயர்களைப் போலவே குளிர்ச்சியாக இருந்தன. அன்று மாலை மீதி ஸ்க்ரூக்களையும் முடுக்கி மூடினேன்.